பாகு பூசிய மாவுருண்டை: ரிஷிவந்தியத்துத் தேன் முதல் சாக்லேட் டோனட் வரை

சாக்லேட் டோனட் உருண்டை என்பது மைதா மாவுடன் கோக்கோ தூள், சர்க்கரை, தயிர் அல்லது பால் சேர்த்துப் பிசைந்து, நெல்லிக்காய் அளவில் உருட்டி, எண்ணெயில் பொரித்து, சர்க்கரைப் பூச்சில் தோய்த்து எடுக்கப்படும் இனிப்புப் பண்டம். அமெரிக்காவிலும் கனடாவிலும் கடைப் பண்டமாகப் பரவிய இது இன்று தமிழ்நாட்டு வீடுகளிலும் செய்யப்படுகிறது. பெயர் புதிது. ஆனால் மாவை உருட்டிப் பொரித்து இனிப்பில் தோய்க்கும் முறை தமிழகத்துக்குப் புதிதன்று. உருண்டை ஏறத்தாழ மாறாமல் இருக்க, அதன் மேல் ஏறும் இனிப்பு மட்டும் காலந்தோறும் மாறி வந்துள்ளது. தேன், வெல்லம், வெள்ளைச் சர்க்கரை, சாக்லேட் என்பது அந்த மாற்றத்தின் வரிசை. ஒவ்வொரு மாற்றத்தின் போதும் அந்த இனிப்பை உண்டாக்கும் மக்களும் மாறினர். இந்த வரலாற்றின் பெரும் பகுதியைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் ரிஷிவந்தியம் வட்டாரத்திலேயே காணலாம்.

ரிஷிவந்தியம்: தேனும் கரும்பும்

ரிஷிவந்தியம் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் ஊராட்சி ஒன்றியத் தலைமையிடமாக உள்ள ஊர். சட்டமன்றத் தொகுதி ஒன்றும் இவ்வூரின் பெயரால் அமைந்துள்ளது. பழைய தென்னார்க்காடு மாவட்டத்தில் இருந்த இப்பகுதி, 1993இல் விழுப்புரம் மாவட்டத்திலும், 2019இல் புதிதாக உருவான கள்ளக்குறிச்சி மாவட்டத்திலும் சேர்ந்தது.

இங்குள்ள அர்த்தநாரீசுவரர் கோயிலில் அம்மன் முத்தாம்பிகை என்னும் பெயரில் வழிபடப்படுகிறார். மூலவருக்கு நாள்தோறும் தேன் அபிஷேகம் நடைபெறுவது இக்கோயிலின் சிறப்பு. தேன் வழியும்போது இலிங்கத்தில் அம்மையும் அப்பனும் இணைந்த வடிவம் தெரிவதாக அடியார்கள் கூறுவர். ரிஷிகள் வந்து வணங்கிய இடம் என்பதால் ரிஷிவந்தியம் எனப் பெயர் வந்தது என்பது தலமரபு.

மாவட்டத்தின் மேற்கே கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியான கல்வராயன் மலை உள்ளது. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் சாமை, தினை, கேழ்வரகு முதலிய தானியங்களைப் பயிரிடுவதோடு காட்டுத் தேனும் எடுத்து வந்தவர்கள். மலையில் தோன்றும் கோமுகி, மணிமுத்தா ஆறுகள் கீழே உள்ள சமவெளிக்கு நீர் தருகின்றன. அச்சமவெளியில் கரும்பு முக்கியப் பயிர். தென்பெண்ணை ஆற்றங்கரையில் உள்ள மூங்கில்துறைப்பட்டிலும், கல்வராயன் மலையடிவாரத்தை ஒட்டிய கச்சிராயபாளையத்திலும் கள்ளக்குறிச்சி கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகள் உள்ளன. மலையில் தேனும் நிலத்தில் கரும்புமாக, இனிப்பின் பழைய மூலமும் புதிய மூலமும் ஒரே மாவட்டத்தில் அருகருகே அமைந்துள்ளன.

தினை மாவும் தேனும்

மாவையும் இனிப்பையும் சேர்த்து உருட்டும் மிக எளிய பண்டம் தினை மாவு உருண்டை. தினையை இடித்துச் சலித்து, தேன் விட்டுப் பிசைந்தால் போதும். அடுப்பும் எண்ணெயும் தேவையில்லை. முருகனுக்கும் வள்ளிக்கும் உரிய படையலாக இது இன்றும் நிலைத்துள்ளது. இதில் தேன் இரண்டு வேலைகளைச் செய்கிறது. இனிப்பைத் தருவது ஒன்று, மாவை ஒட்ட வைப்பது மற்றொன்று. பின்னாளில் வெல்லப்பாகும் சர்க்கரைப்பாகும் இதே இரு வேலைகளை ஏற்றுக்கொண்டன.

கரும்பு தமிழ்நிலத்துக்கு வந்தது பற்றிய பழைய செய்தி ஒன்றும் இவ்வட்டாரத்தோடு தொடர்புடையது. அதியமான் நெடுமான் அஞ்சியின் முன்னோர் கரும்பை இவ்வுலகுக்குக் கொண்டுவந்தனர் என்று ஔவையார் பாடியது புறநானூற்றின் 99ஆம் பாடலில் உள்ளது. அதே பாடல் அஞ்சி கோவலூரை வென்றதையும் கூறுகிறது. கோவலூர் என்பது ரிஷிவந்தியத்துக்கு அருகில் உள்ள இன்றைய திருக்கோவிலூர். மலையமான் திருமுடிக்காரியின் தலைநகராக விளங்கிய ஊர் அது. கரும்பின் வருகையும் இப்பகுதியின் பெயரும் ஒரே சங்கப் பாடலில் இடம்பெற்றிருப்பது குறிப்பிடத்தக்கது.

பழந்தமிழ்க் கூவியர்

சங்க இலக்கியத்தில் அப்பம் சுட்டு விற்போர் கூவியர் எனப்பட்டனர். காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படை, கரிய சட்டியில் பாகுடன் சேர்த்துக் கூவியர் செய்த அப்பத்தைக் குறிப்பிடுகிறது. மதுரைக்காஞ்சி, இரவில் கடை மூடி உறங்கும் மதுரைக் கூவியரையும் அவர்கள் விற்ற மெல்லிய அடை, உள்ளீடு வைத்துப் பிடித்த மோதகம் ஆகியவற்றையும் காட்டுகிறது. பாகு காய்ச்சுவதும், மாவுடன் பாகைச் சேர்ப்பதும், அப்பண்டத்தை வீதியில் வைத்து விற்பதும் அக்காலத்திலேயே ஒரு தொழிலாக இருந்தன என்பது இவற்றால் தெரிகிறது.

விசயநகரக் காலத்தில் கோயில் நிவேதனங்களில் அதிரசம் சிறப்பிடம் பெற்றது. அரிசி மாவு, வெல்லம், வெண்ணெய், மிளகு ஆகியவற்றைக் கொண்டு செய்யும் முறை கிருஷ்ணதேவராயர் காலக் கல்வெட்டுச் செய்திகளில் இருந்து அறியப்படுகிறது. அதிரசத்தில் இனிப்பு மேலே பூசப்படுவதில்லை. பாகு மாவுக்குள்ளேயே சேர்ந்துவிடுகிறது. பாகின் பதம் சற்றுத் தவறினால் அதிரசம் எண்ணெயில் பிரிந்துவிடும், அல்லது கல் போல் இறுகிவிடும். இதனால் தமிழ் வீடுகளில் பதம் பார்ப்பது தனித் திறனாக மதிக்கப்பட்டது.

கோதுமை உருண்டைகள்

தமிழகத்தின் பழைய பண்டங்கள் பெரும்பாலும் அரிசி, உளுந்து, தினை ஆகியவற்றால் ஆனவை. கோதுமை மாவை உருட்டிப் பொரிக்கும் மரபு தக்காணத்திலும் மேற்கு ஆசியாவிலும் வலுவாக இருந்தது. கல்யாணியில் இருந்து ஆண்ட மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் தொகுத்த மானசோல்லாசம் என்னும் வடமொழி நூல் பல உணவு வகைகளை விவரிக்கிறது. அவற்றில் ஒன்று கோதுமை மாவில் செய்யப்பட்ட கோளமு. உணவு வரலாற்றை எழுதுவோர் இதை டோனட்டுக்கு ஒப்பான பண்டமாகக் கருதுகின்றனர்.

பாக்தாத்தில் 1226இல் அல்-பாக்தாதி தொகுத்த சமையல் நூலில் லுக்மத் அல்-காதி என்னும் பண்டம் இடம்பெறுகிறது. நீதிபதியின் கவளம் என்பது இப்பெயரின் பொருள். புளித்த மாவைச் சிறு உருண்டைகளாகப் பொரித்துப் பாகில் இடுவதே இதன் முறை. வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் தமிழர்கள் இன்று லுகைமாத் என்ற பெயரில் அறிந்திருக்கும் இனிப்பு இதன் வழிவந்தது. வட இந்தியாவின் பாலுஷாஹியும் அதன் தமிழ்நாட்டு வடிவமான பாதுஷாவும் இதே குடும்பத்தைச் சேர்ந்த கோதுமை மாவுப் பண்டங்கள் ஆகும்.

வெல்லத்திலிருந்து வெள்ளைச் சர்க்கரைக்கு

தமிழில் சர்க்கரை என்னும் சொல் முதலில் வெல்லத்தையே குறித்தது. வெல்லமிட்டுச் செய்யும் பொங்கலைச் சர்க்கரைப் பொங்கல் என்று அழைப்பது அப்பழைய பொருளின் எச்சம். வெள்ளைச் சர்க்கரைக்குத் தென் மாவட்டங்களில் சீனி என்று பெயர். இது சீனாவோடு தொடர்புபடுத்தப்படும் சொல். வேறு சில மாவட்டங்களில் முதியோர் அதனை அஸ்கா என்பர். அன்றைய சென்னை மாகாணத்தின் கஞ்சம் மாவட்டத்தில், இன்றைய ஒடிசாவில், உள்ள அஸ்கா என்ற ஊரில் 19ஆம் நூற்றாண்டில் இயங்கிய சர்க்கரை ஆலையை நினைவூட்டும் பெயர் அது. வெல்லத்துக்கு நாட்டுப் பெயரும் வெள்ளைச் சர்க்கரைக்கு வெளியூர்ப் பெயர்களும் அமைந்திருப்பது, பின்னது வெளியிலிருந்து வந்த பொருள் என்பதைக் காட்டுகிறது.

வெல்லம் காய்ச்சுதல் வயலின் ஓரத்திலேயே நடந்த தொழில். கரும்பை ஆலையில் இட்டுச் சாறு பிழிவர். சாற்றைப் பெரிய கொப்பரையில் ஊற்றி, கரும்புச் சக்கையையே எரித்துக் காய்ச்சுவர். சிறிது சுண்ணாம்பு சேர்த்து, மேலே திரளும் அழுக்கை அரித்து எடுப்பர். பாகு ஏறத்தாழ 118 பாகை செல்சியசை நெருங்கும்போது வெல்லப் பதம் வரும். காய்ச்சுபவர் வெப்பமானி வைத்திருப்பதில்லை. பாகைத் தண்ணீரில் சொட்டவிட்டு, அது உருண்டு நிற்பதைக் கையால் உணர்ந்து பதம் அறிவர். பயிரிட்டவரின் நிலத்திலேயே கரும்பு விற்பனைப் பொருளாக மாறியது. உடனே விற்பதா, விலை ஏறும்வரை வைத்திருப்பதா என்பதையும் அவரால் ஓரளவு முடிவு செய்ய முடிந்தது.

தென்னார்க்காடு மாவட்டத்து நெல்லிக்குப்பத்தில் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை 1842இல் தொடங்கியது. இந்தியாவின் மிகப் பழைய சர்க்கரை ஆலைகளுள் ஒன்று அது. 1912இல் கோயம்புத்தூரில் கரும்பு இனப்பெருக்க நிலையம் நிறுவப்பட்டது. சார்லஸ் பார்பரும் அவருக்குப்பின் டி. எஸ். வெங்கடராமனும் அங்கு உருவாக்கிய கோ இரகக் கரும்புகள் நாடெங்கும் பரவின. 1932இல் வந்த சர்க்கரைத் தொழில் பாதுகாப்புச் சட்டம் இறக்குமதிச் சர்க்கரைக்கு வரி விதித்து உள்நாட்டு ஆலைகளை வளர்த்தது. விடுதலைக்குப்பின் கூட்டுறவு ஆலைகள் தோன்றின. கள்ளக்குறிச்சி வட்டாரத்துக் கரும்பு வண்டிகளிலும் டிராக்டர்களிலும் ஆலைக்குச் செல்லத் தொடங்கியது.

இம்மாற்றத்தால் சர்க்கரை மலிவாகவும் ஒரே தரத்திலும் எங்கும் கிடைத்தது. பதம் பார்த்து வெல்லம் ஆக்கியவர், வெட்டிய கரும்பை எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் பணத்துக்குக் காத்திருப்பவர் ஆனார். வெட்டிய கரும்பை வைத்திருக்க முடியாது. நாள் ஆக ஆகச் சாறும் இனிப்பும் குறையும். இதைக் கருதியே 1966ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை, கரும்பு பெற்ற 14 நாட்களுக்குள் ஆலைகள் பணம் தர வேண்டும் என்றும், தவறினால் ஆண்டுக்கு 15 விழுக்காடு வட்டி தர வேண்டும் என்றும் விதித்தது. நிலுவைத் தொகை கேட்டுக் கரும்பு விவசாயிகள் நடத்தும் போராட்டங்கள் தமிழ்நாட்டில் வழக்கமான செய்தியாக இருப்பதால், இவ்விதி இன்றும் அவர்களுக்கு முக்கியமானது.

டோனட்டும் துளையும்

டோனட் அமெரிக்காவுக்கு டச்சுக் குடியேறிகள் வழியாகச் சென்றது. எண்ணெய் அப்பம் என்று பொருள்படும் ஓலிகூக் என்பது அதன் டச்சுப் பெயர். 1809இல் வாஷிங்டன் இர்விங் எழுதிய நியூயார்க் வரலாற்று நூலில் டோனட் என்பது இனிப்பு மாவைப் பன்றிக் கொழுப்பில் பொரித்த உருண்டை என்று விளக்கப்படுகிறது. ஆகவே தொடக்கத்தில் டோனட்டுக்குத் துளை இல்லை. அது உருண்டையாகவே இருந்தது.

பெரிய உருண்டையின் வெளிப்புறம் சிவந்தபின்னும் நடுப்பகுதி வேகாமல் இருப்பது அதன் குறை. மெய்ன் மாநிலத்துக் கப்பலோட்டி ஹேன்சன் கிரிகோரி 1847இல் நடுப்பகுதியை நீக்கித் துளையிட்டார் என்பது அங்கு வழங்கும் மரபுச் செய்தி. 1872இல் ஜான் பிளாண்டெல் டோனட் வெட்டும் அச்சுக்குக் காப்புரிமை பெற்றார். 1920இல் அடால்ஃப் லெவிட் நியூயார்க்கில் டோனட் இயந்திரத்தை அமைத்தார். இதே சிக்கலுக்குத் தமிழ்ச் சமையலும் இதே தீர்வைக் கண்டுள்ளது. உளுந்து வடையின் நடுவில் விரலால் இடும் துளையும் உட்புறம் சீராக வேகுவதற்காகவே.

துளையிடும்போது நடுவில் வெட்டுப்பட்ட சிறு மாவுத் துண்டுகளைப் பொரித்துக் குழந்தைகளுக்குக் கொடுப்பது வீட்டு வழக்கமாக இருந்தது. 1972இல் டங்கின் டோனட்ஸ் நிறுவனம் மஞ்ச்கின்ஸ் என்ற பெயரிலும், 1976இல் கனடாவின் டிம் ஹார்ட்டன்ஸ் நிறுவனம் டிம்பிட்ஸ் என்ற பெயரிலும் இவற்றைக் கடையில் விற்கத் தொடங்கின. டோனட் துளை என்பது இவற்றின் பொதுப்பெயர். மிச்சமான மாவில் பிறந்த பெயர் நிலைத்துவிட்டாலும், பெரிய கடைகளில் விற்கும் உருண்டைகள் தனியாகவே செய்யப்படுகின்றன. துளையால் உருண்டை வடிவை இழந்த டோனட், துளையின் பெயரிலேயே மீண்டும் உருண்டை ஆனது.

டோனட் மட்டுமே விற்கும் மேட் ஓவர் டோனட்ஸ் கடைகள் இந்தியாவுக்கு 2008இல் வந்தன. டங்கின் டோனட்ஸ் 2012இல் புதுதில்லியில் தன் முதல் இந்தியக் கடையைத் திறந்தது. பெருநகரங்களில் தொடங்கிய இப்பண்டம் பின்னர் பேக்கரிகள் வழியாகச் சிறு நகரங்களையும் எட்டியது.

சாக்லேட் வந்த வழி

சாக்லேட்டின் மூலப்பொருளான கோக்கோ நடு அமெரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் உரியது. இந்தியாவில் கோக்கோ முதலில் நடப்பட்ட இடம் தமிழகத்தின் குற்றாலம். 1798இல் கிழக்கிந்தியக் கம்பெனி தன் தோட்டத்தில் இதனைப் பயிரிட்டுப் பார்த்தது. அப்போது அது வணிகப் பயிராக வளரவில்லை.

டோனட்டில் சேரும் கோக்கோ தூளுக்கு மற்றொரு கண்டுபிடிப்பு தேவைப்பட்டது. கோக்கோ விதையில் ஏறத்தாழப் பாதி கொழுப்பு. நெதர்லாந்தின் வான் ஹூட்டன் 1828இல் காப்புரிமை பெற்ற அழுத்தும் பொறி இக்கொழுப்பின் பெரும் பகுதியைப் பிரித்து எடுத்தது. எஞ்சிய பிண்ணாக்கைப் பொடித்தால் கோக்கோ தூள் கிடைத்தது. மாவுடன் எளிதாகக் கலக்கும் பொருளாகச் சாக்லேட் மாறியது இதன் பின்னரே.

கேட்பரி நிறுவனம் 1948இல் இந்தியாவில் தொழிலைத் தொடங்கியது. 1965இல் வயநாட்டில் கோக்கோ சாகுபடியை ஊக்குவிக்கும் முயற்சியை மேற்கொண்டது. பின்னர்த் தென்னந்தோப்பில் ஊடுபயிராகக் கோக்கோ பரவியது. தமிழ்நாட்டில் பொள்ளாச்சி வட்டாரத்தில் இதைக் காணலாம். குற்றாலத்தில் நின்றுபோன முயற்சி ஒன்றரை நூற்றாண்டுக்குப்பின் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய தோப்புகளில் நிலைபெற்றது.

தமிழ்நாட்டு உறவுப் பண்டங்கள்

டோனட் உருண்டை என்ற பெயர் வருமுன்பே அதற்கு நெருக்கமான பல பண்டங்கள் தமிழ்நாட்டில் இருந்தன.

தேன் மிட்டாய்: அரிசியும் உளுந்தும் அரைத்த மாவைச் சிறு உருண்டைகளாகக் கிள்ளிப் போட்டுப் பொரித்து, சூடான சர்க்கரைப்பாகில் ஊறவைத்து, மேலே சர்க்கரை தூவியது. பெரும்பாலும் சிவப்பு அல்லது ஆரஞ்சு நிறம் சேர்க்கப்படும். பள்ளிக்கூடங்களுக்கு அருகிலுள்ள பெட்டிக்கடைகளின் கண்ணாடிப் புட்டிகளில் இது பல தலைமுறைகளுக்கு அறிமுகமானது. பெயரில் தேன் இருப்பினும் இதில் தேன் சேர்வதில்லை. தேனின் இடத்தைச் சர்க்கரைப்பாகு பிடித்தபின்னும் பழைய பெயர் மட்டும் தங்கியுள்ளது.

பால் பன்: மதுரைத் தேநீர்க் கடைகளில் கிடைக்கும் பண்டம். மைதா மாவைத் தயிர் அல்லது பால் சேர்த்துப் பிசைந்து, உருண்டைகளாகப் பொரித்து, பாகில் தோய்த்து எடுப்பர். செய்முறையால் டோனட் உருண்டைக்கு மிக நெருங்கியது இதுவே.

பாதுஷா: மைதாவும் நெய்யும் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழி அமுக்கி, மெல்லிய தீயில் பொரித்துப் பாகில் இடுவது. பாகு உலர்ந்து மேலே வெள்ளைப் படலமாகப் படிவது நல்ல பாதுஷாவின் அடையாளம்.

சுசியம்: சீயம், சுகியன் எனவும் வழங்கும். இதில் முறை தலைகீழானது. வெல்லமும் பருப்பும் சேர்ந்த பூரணம் உள்ளே இருக்க, மாவு மேலே பூச்சாக அமைகிறது.

இவற்றுள் முதல் மூன்றிலும் வெள்ளைச் சர்க்கரையும், சுசியத்தில் வெல்லமும் இனிப்பாகின்றன. மைதாவும் வெள்ளைச் சர்க்கரையும் பெரும்பாலும் கடைப் பண்டங்களிலும், அரிசியும் பருப்பும் வெல்லமும் பண்டிகை நாள் வீட்டுப் பண்டங்களிலும் இடம்பெறுவது பொதுப் போக்கு.

வீட்டில் செய்யும் முறை

ஏறத்தாழ 20 முதல் 24 உருண்டைகளுக்குத் தேவையானவை: மைதா 125 கிராம், கோக்கோ தூள் 15 கிராம், பொடித்த சர்க்கரை 50 கிராம், பேக்கிங் பவுடர் 1 தேக்கரண்டி, சமையல் சோடா கால் தேக்கரண்டி, உப்பு 1 சிட்டிகை, உருக்கிய வெண்ணெய் 20 கிராம், கெட்டித் தயிர் ஏறத்தாழ 5 மேசைக்கரண்டி. இம்முறைக்கு முட்டையும் ஈஸ்ட்டும் தேவையில்லை. மேற்பூச்சுக்கு ஐசிங் சர்க்கரை 120 கிராம், பால் 2 மேசைக்கரண்டி போதும். ஐசிங் சர்க்கரை கிடைக்காத இடத்தில், சர்க்கரையை மிக்சியில் நைசாகப் பொடித்து 2 தேக்கரண்டி சோளமாவு கலந்துகொள்ளலாம்.

உலர்ந்த பொருள்களை ஒன்றாகச் சலித்து, வெண்ணெய் சேர்த்துப் பிசிறி, தயிரைச் சிறிது சிறிதாக விட்டுப் பிசைய வேண்டும். கையில் ஒட்டாத, ஆனால் சப்பாத்தி மாவைவிட மென்மையான பதம் சரியானது. அதிகம் அழுத்திப் பிசைந்தால் மைதாவின் பசைத்தன்மை கூடி உருண்டை இரப்பர் போல் ஆகிவிடும். 15 நிமிடம் மூடி வைத்தபின் நெல்லிக்காய் அளவில், வெடிப்பு இல்லாமல் உருட்ட வேண்டும். தயிரின் புளிப்பும் சோடாவும் சேர்ந்து வெளிவிடும் கரியமில வாயுதான் உருண்டையை உள்ளே பஞ்சு போல் ஆக்குகிறது.

எண்ணெயின் சூடு 170 முதல் 175 பாகை செல்சியஸ் வரை இருப்பது நல்லது. வெப்பமானி இல்லையெனில், சிறு மாவுத்துண்டைப் போட்டுப் பார்க்கலாம். அது சில நொடி அடியில் தங்கி, குமிழிகளுடன் நிதானமாக மேலே வந்தால் சூடு சரி. போட்டவுடன் மேலே பாய்ந்தால் சூடு அதிகம். சாதாரண உருண்டையில் பொன்னிறம் வெந்ததற்கு அடையாளம். சாக்லேட் உருண்டை முதலிலேயே பழுப்பாக இருப்பதால் நிறத்தைக் கொண்டு அறிய முடியாது. முதலில் ஓர் உருண்டையை மட்டும் 2 முதல் 3 நிமிடம் பொரித்து, பிட்டுப் பார்த்து, நேரத்தைக் கணக்கிட்டுக்கொண்டு மற்றவற்றைப் போடுவது பாதுகாப்பான வழி.

பூச்சுக்குச் சர்க்கரையையும் பாலையும் கட்டியில்லாமல் கலக்க வேண்டும். கரண்டியிலிருந்து ஒழுகும் பூச்சு, கிண்ணத்தில் விழுந்து சில நொடி தடம் காட்டி மறைந்தால் பதம் சரி. உருண்டைகள் வெதுவெதுப்பாக இருக்கும்போது தோய்த்துக் கம்பித் தட்டில் வைத்தால், மிகுதி வழிந்துவிட்டு மெல்லிய கண்ணாடிப் படலம் போல் உலரும். கொதிக்கும் சூட்டில் தோய்த்தால் பூச்சு உருகி ஓடிவிடும். ஆறியபின் தோய்த்தால் தடிமனாகப் படியும்.

பாகும் பூச்சும்

டோனட் பூச்சுக்கும் பாதுஷாப் பாகுக்கும் அடிப்படை வேறுபாடு உண்டு. பாகு நெருப்பில் செய்யப்படுவது. நீர் ஆவியாக ஆகச் சர்க்கரையின் அடர்த்தி கூடும். ஒரு கம்பிப் பதம் ஏறத்தாழ 105 பாகை செல்சியசில் வரும். குலாப் ஜாமூனுக்குப் பாகு உறையக் கூடாது. அதனால் எலுமிச்சைச் சாறு சில சொட்டு விடுவர். அமிலம் சர்க்கரையின் ஒரு பகுதியை இருவகை எளிய சர்க்கரைகளாகப் பிரிப்பதால் படிகம் உருவாவது தடைப்படும். பாதுஷாவுக்குப் பாகு மேலே உறைந்து பூக்க வேண்டும். அதனால் பாகு இன்னும் கெட்டியாகக் காய்ச்சப்படும்.

டோனட் பூச்சில் நெருப்பு இல்லை. ஆலையில் ஏற்கெனவே படிகமாக்கி, பிறகு பொடித்த சர்க்கரையைப் பாலில் குழைத்தால் போதும். கைப்பழக்கத்தால் வரும் பத அறிவின் பெரும்பகுதியை இங்கு ஆலை முன்கூட்டியே செய்து முடித்துவிடுகிறது. புதிதாகச் சமையல் பழகும் சிறுவர்க்கும் டோனட் பூச்சு எளிதாக வருவதற்கும், அதிரசப்பாகு பலருக்குக் கைவராமல் போவதற்கும் இதுவே காரணம். அதிரசம் செய்யத் தெரிந்த மூத்தோர் குறையும்போது, எழுதி வைக்கப்படாத பத அறிவும் அவர்களோடு குறைகிறது.

பூச்சின் விலை

மேற்கண்ட அளவில் மாவுக்கும் பூச்சுக்குமாகச் சேர்த்து 170 கிராம் சர்க்கரை தேவை. 100 கிலோ கரும்பில் 10.25 கிலோ சர்க்கரை கிடைக்கும் என்ற அடிப்படையில், 2024–25 பருவத்துக்கு ஒன்றிய அரசு அறிவித்த நியாயமான ஆதாய விலை குவிண்டாலுக்கு 340 ரூபாய். இக்கணக்கில் 170 கிராம் சர்க்கரைக்கு ஏறத்தாழ 1.66 கிலோ கரும்பு வேண்டும். அதை விளைவித்தவருக்கு உரிய தொகை ஏறத்தாழ 5 ரூபாய் 65 காசு. 24 உருண்டைகளின் இனிப்பு முழுவதற்கும் கரும்பு விவசாயிக்குச் சேருவது இவ்வளவே. அதுவும் ஏறத்தாழ ஓராண்டு பயிர் காத்து, வெட்டுக்கூலி கொடுத்து, ஆலை பணம் தரும் நாள்வரை பொறுத்திருந்தபின் கிடைப்பது.

இதனால் வெல்லத்தையும் நாட்டுச் சர்க்கரையையும் தாங்களே தயாரித்து நேரடியாக விற்கும் விவசாயிகளும் தமிழ்நாட்டில் உள்ளனர். டோனட் உருண்டைக்கும் வெல்லம் பொருந்தும். 100 கிராம் வெல்லத்தை 3 மேசைக்கரண்டி நீரில் கரைத்து வடிகட்டி, ஒரு கம்பிப் பதத்துக்குக் காய்ச்சி, 1 மேசைக்கரண்டி கோக்கோ தூளும் 1 தேக்கரண்டி வெண்ணெயும் கலந்தால் பழுப்பு நிறப் பூச்சு கிடைக்கும். வெல்லத்தின் மண்வாசமும் கோக்கோவின் கசப்பும் நன்கு சேரும். இப்பூச்சு ஐசிங் சர்க்கரை போல் வெள்ளையாக உலராது. சற்றுப் பிசுபிசுப்பாகவே இருக்கும். இதைச் செய்ய மீண்டும் அடுப்பும், விரலிடையில் பாகை இழுத்துப் பார்க்கும் பழக்கமும் வேண்டும்.

ரிஷிவந்தியம் கோயிலில் தேன் அபிஷேகம் இன்றும் தொடர்கிறது. கல்வராயன் மலைத் தேனும், சமவெளியின் வெல்லமும், மூங்கில்துறைப்பட்டு, கச்சிராயபாளையம் ஆலைகளின் சர்க்கரையும் ஒரே மாவட்டத்தில் கிடைக்கின்றன. வெளியிலிருந்து வர வேண்டியது கோக்கோ தூளும் மைதாவும் மட்டுமே. எதைப் பூசுவது என்பது வீட்டில் செய்பவரின் தேர்வு. அத்தேர்வைப் பொறுத்தே அந்த இனிப்புக்கான பணம் மலையில் தேன் எடுத்தவருக்கோ, வயலோரம் வெல்லம் காய்ச்சியவருக்கோ, ஆலைக்குக் கரும்பு அனுப்பிவிட்டுக் காத்திருப்பவருக்கோ சென்று சேர்கிறது.